களவாவின் புரட்டாசி

எனக்கு இருப்பு கொள்ளாது. போன் வந்தால் நடந்துகொண்டேதான் பேசுவேன். பல் தேய்க்கும்போதுகூட வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பேன். வேலையும் அதற்குத் தோதாகத்தான் வாய்த்தது. எங்கோ யாருடைய கம்ப்யூட்டரோ மக்கர் செய்தால், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர்களை அமைதிப்படுத்தி அதைச் சரிசெய்ய வைக்க வேண்டும். வீட்டிலிருந்தேதான். அடுகோடி ஏரியாவில் எங்கள் வீட்டு ஹால் நீளமே தவிர அகலம் கிடையாது. பால்கனிக் கதவிலிருந்து சமையலறை வாசல்வரை போவேன், திரும்புவேன். சுவரோரம் நாலடிக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரு களவா மீன். அதுவும் போகும், திரும்பும். “யாரப் பாத்து யாரு கத்துக்கிட்டீங்க?” என்று என் கணவர் கேட்பார். அவர் உட்கார்ந்த இடத்தில் வேர் விடுகிற ரகம்.

நான் திருப்பத்தூர்க்காரி. கடலைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன், அதுவும் டீச்சர் தண்ணீரில் காலை நனைக்க விடவில்லை. கல்யாணமான புதிதில் சிவாஜிநகருக்குத் துணி வாங்கப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கறிக்கடைகளைத் தாண்டி, ஒரு வண்ணமீன் கடை. அங்கேதான் அதைப் பார்த்தேன். விரல் நீளம். வெள்ளை உடம்பு முழுக்கக் கறுப்புப் பொட்டு. தலையைக் கீழே தாழ்த்தி, துடுப்புகளை முந்தானை மாதிரி வீசிக்கொண்டு, அந்தத் துளித் தண்ணீருக்குள் அது ஆடிய ஆட்டத்தில் நான் விழுந்துவிட்டேன். “ரொம்பப் பெருசாகுமா?” என்று ஒப்புக்குக் கேட்டேன். “தொட்டி எவ்ளோ இருக்கோ அவ்ளோதான் மேடம் வளரும்” என்றார் கடைக்காரர். எல்லா மீன்கடைக்காரர்களும் எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. என் கணவர் கடலூர்க்காரர். குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது களவாக்குட்டி. எங்க ஊர்ல கொழம்புக்குப் போற ஜாதி” என்றார். அவருக்கு மீன் என்றால் தட்டில் இருப்பது. எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே வாங்கிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் தெரிந்தது, மீனை வாங்குவது சுலபம், கடலை வாங்க முடியாது, அதை நாமேதான் தயாரிக்க வேண்டும் என்று. வடிகட்டிய தண்ணீரில் அதற்கென்று விற்கிற உப்பைக் கலந்து, ஒரு நாள் சுழலவிட்டு, அளந்து பார்த்து, பிறகுதான் தொட்டியில் ஊற்ற வேண்டும். சமையலறையில் வடிகட்டி சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு குடம் வீணாகும். கோடையில் டேங்கர் லாரிக்குத் தெருவே தவம் கிடந்தபோது, கீழ்வீட்டு ஓனரம்மா மாடியேறி வந்து, தன் கன்னடம் கலந்த தமிழில், “ஒரு மீனுக்கு இஷ்டு நீரா ம்மா? இங்க மனுஷனுக்கே நீர் இல்ல” என்றார். வீணாகிற தண்ணீரை அவர் வீட்டுத் துணி துவைக்க பக்கெட் பக்கெட்டாக இறக்கிக்கொடுத்து அவர் வாயை அடைத்தேன். கரெண்ட் போனால் மோட்டார் நிற்கக் கூடாதென்று இன்வெர்ட்டர் வாங்கினேன். ஃபேனுக்கு அதில் இணைப்பு இல்லை. நாங்கள் வியர்வையில் உட்கார்ந்திருப்போம், களவா ஜம்மென்று நீந்தும்.

அது வளர்ந்தது. கூட வாங்கிய இரண்டு ஆரஞ்சு மீன்களில் ஒன்றை ஒரு காலையில் காணோம். மறுநாள் இன்னொன்றையும் காணோம். களவா மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை போல மூலையில் நின்றிருந்தது. அதிலிருந்து அது தனிக்குடித்தனம்தான். இறாலை உரித்துக் கையிலேயே நீட்டுவேன். மெதுவாக வந்து, என் கையைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, பிறகு லபக்கென்று இழுக்கும். அதன் உதடு விரலில் பட்டால் உப்புத்தாள் உரசின மாதிரி இருக்கும். நான் ஹாலில் நடந்தால் அதுவும் கண்ணாடியோரம் கூடவே வரும். என் கணவர் நடந்தால் வராது. இதை நான் அவரிடம் சொல்லிக்காட்டாத நாளே இல்லை.

நான்கு வருடத்தில் அது என் முழங்கை நீளம் வந்துவிட்டது. தொட்டி மட்டும் வளரவில்லை. திரும்பும்போது வால் ஒரு கண்ணாடியிலும் மூக்கு மறு கண்ணாடியிலும் இடிக்கும். உதட்டில் ஒரு புண் வந்தது, ஆறியது, மறுபடி வந்தது. பெரிய தொட்டி வைக்கலாமென்றால் வீடு இரண்டாவது மாடி. “மேல தொட்டி பெருசாச்சுன்னா கீழ நான் படுக்க மாட்டேன்” என்று ஓனரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாங்கின கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடலில் விட்டுவிடு என்றார்கள் சிலர். நம் வீட்டுத் தண்ணீரில் வளர்ந்ததைக் கடலில் விட்டால் நம் வீட்டுச் சீக்கும் சேர்ந்து போகும், அது தப்பு. வறுத்துவிடு என்று சிரித்தவர்களும் உண்டு. அவர்களோடு நான் இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை.

கடைசியில் ஆனேக்கல்லில் ஒருவர் கிடைத்தார். இப்படி வீடு கொள்ளாமல் வளர்ந்துவிட்ட கடல்மீன்களை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, அறை அளவுக்கு ஒரு சிமென்ட் தொட்டியில் வளர்க்கிறவர். போனில் அவர் பேச்சு கறாராக இருந்தது. “எப்ப வேணும்னாலும் கொண்டாங்க மேடம். ஆனா அப்பறம் வந்து திருப்பிக் குடுன்னு கேக்கக் கூடாது.” சரி என்றேன். வெயில் குறையட்டும் என்று ஒரு மாதம் தள்ளினேன். மழை நிற்கட்டும் என்று ஒரு மாதம். அதைப் பார்க்கும்போதெல்லாம் அனுப்பத்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும், போனைக் கையில் எடுத்தால் வேண்டாம் என்று அடித்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் நடந்த நடையைத் தெருவில் நடந்திருந்தால் ஒசூரே வந்திருக்கும்.

அப்போதுதான் புரட்டாசி வந்தது, கூடவே என் மாமியாரும் வந்தார்.

கடலூரில் அவர்கள் வீட்டில் பதினோரு மாதம் மீன் இல்லாமல் சோறு இறங்காது. புரட்டாசி பிறந்தால் மீன்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். அந்த மாதம் பெருமாளுக்கு உரியது, வீட்டில் கவுச்சி வாடையே வரக் கூடாது. அந்த வருடம் அங்கே தரை பெயர்த்து வேலை நடந்ததால் அத்தை எங்களோடு இருக்க வந்தார். வந்து பையை வைத்ததும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜைத் திறந்தார். மேல் தட்டில் இறாலும் கணவாயும் டப்பா டப்பாவாக உறைந்து கிடந்தன.

“இதெல்லாம் யாருக்கு?”

“மீனுக்கு அத்தை.”

“மீனுக்கு மீனா?”

“அது வேற எதுவும் சாப்பிடாது.”

“ஊரே இருக்குது. அது ஒரு மாசம் இருக்காதா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டப்பாக்களைக் கீழ்வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமென்று கேட்கப் போனேன். “அய்யோ, நம்ம மனேல பேடாம்மா, தசரா பருது” என்று, பண்டிகை வருகிற நேரத்தில் தன் வீட்டில் வேண்டவே வேண்டாமென்று ஓனரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். உருண்டையாக விற்கிற காய்ந்த மீன்தீனியைப் போட்டுப் பார்த்தேன். களவா அதை வாயில் வாங்கி, என்னைப் பார்த்து, துப்பியது. பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். தினமும் கடையில் கொஞ்சமாக இறால் வாங்கி, பால்கனியில் வைத்தே உரித்து, தனிக் கிண்ணத்தில் எடுத்துவந்து போட்டுவிட்டு, நேராகக் குளியலறைக்குப் போய் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் நான் சமையலறைக்குள் கால் வைக்கலாம். ஒரு இறாலுக்கு ஒரு குளியல். நடுவில் ஹெட்போனில் யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு வாரத்தில் எனக்கு ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம்.

தும்மிக்கொண்டே ஒரு நாள் ஆனேக்கல்காரரைக் கூப்பிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை வந்தது, அதைத் தும்மல் கணக்கில் சேர்த்துவிட்டேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். “வியாழக்கெழமயிலேர்ந்து ஒண்ணும் போடாதீங்க. வயிறு காலியா இருக்கணும். இல்லன்னா வர்ற வழியில டிரம்முலயே அசிங்கம் பண்ணி, அந்தத் தண்ணியிலயே மூச்சு முட்டிப் போயிடுவான்.” பெரிய மீனை இடம் மாற்றுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. இவ்வளவு பெரிய உடம்புக்கு மூன்று நாள் பட்டினி ஒரு பொருட்டே இல்லை.

“இனிமே இறாலே வராது அத்தை. ஞாயித்துக்கெழம அது போகுது. அதுவரைக்கும் அதுக்குப் பட்டினிதான்” என்று நல்ல செய்தி சொல்வது போல் அவரிடம் சொன்னேன். அவருக்கும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் டிவி இருப்பது தொட்டிக்குப் பக்கத்தில். நாள் முழுக்க அத்தை அங்கேதான் உட்கார்ந்திருப்பார், பூத்தொடுப்பதும் அங்கேதான், காய் நறுக்குவதும் அங்கேதான். வியாழன் மத்தியானமே களவா அவர் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து நின்றுவிட்டது. அவர் கையில் கத்தி இருந்தது, பக்கத்தில் கிண்ணம் இருந்தது. அதற்கு அது போதும்.

“என் கையையே பாக்குதும்மா” என்றார்.

“பாக்கும் அத்தை. அவரைக்காய்னு அதுக்குத் தெரியாது.”

வெள்ளிக்கிழமை குரல் மாறிவிட்டது. “இன்னைக்கும் ஒண்ணும் கெடையாதா? வாயில்லா ஜீவனப் போயி பட்டினி போடலாமா? அதுவும் இந்த மாசத்துல?”

அதற்கு வாய் ஒன்றுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் அப்புறம்தான் என்று சொல்ல வந்தேன். அதற்குள் போன் வந்துவிட்டது. “போற வழியில தண்ணி கெட்டுடும் அத்தை, அதான்” என்று ஒரு கையால் சைகை காட்டிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டேன். அதைவிட விளக்கமாகச் சொல்ல எனக்கு அன்று பொறுமை இல்லை. என்றுமே இருந்ததில்லை.

சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை. அத்தை விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வேலை செய்தார். படைத்து முடித்துத்தான் சாப்பிடுவார், அதுவும் ஒரே வேளை. பச்சரிசி மாவில் வெல்லப்பாகும் நெய்யும் விட்டுப் பிசைந்து, நடுவில் குழி செய்து, நெய் ஊற்றித் திரி போட்டு மாவிளக்கு ஏற்றினார். “கோவிந்தா” என்று நாங்கள் மூன்று பேரும் சொன்னோம். என் குரல் மட்டும் எப்போதும்போல ஒரு தாளம் பிந்தி வந்தது. விளக்கு மலையேறியதும் எங்களுக்கு இலை போட்டார். அள்ளிப் போட்டுக்கொண்டு, மறுநாளுக்கான டிரம்மை எடுத்துவர நானும் என் கணவரும் கிளம்பினோம். ஊறுகாய் மொத்த வியாபாரி ஒருவரிடம் காலி நீலநிற டிரம் சொல்லிவைத்திருந்தேன். போகும்போது அத்தை இன்னும் சாப்பிட உட்காரவில்லை, எல்லோருக்கும் பிரசாதம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்.

டிரம்மை மாடிக்கு உருட்டி ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது தொட்டியின் மேல்பரப்பு. எண்ணெய் சிந்திய மழைத்தண்ணீர் மாதிரி வர்ணம் வர்ணமாக மினுங்கியது. உள்ளே கஞ்சி கரைத்த மாதிரிக் கலங்கல். தொட்டிக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கிறது, தண்ணீரை நுரைக்க வைத்து அழுக்கை நுரையோடு வெளியே தள்ளுவது அதன் வேலை. அதில் நுரையே இல்லை. களவா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அத்தை அதற்கு முன்னால் கைகூப்பி நின்றிருந்தார். பக்கத்து ஸ்டூலில் மாவிளக்குத் தட்டு, பாதி காலி.

“மூணு நாளா ஒண்ணும் சாப்புடல. எல்லாரும் சாப்ட்டாங்க, அது பாத்துக்கிட்டே இருந்துச்சு. கவுச்சிதான ஆகாது, பிரசாதம் ஆகும்ல. ஒரு உருண்டை போட்டேன், லபக்குனு வாங்கிச்சு. அப்பறம் துப்பிடுச்சு. சரி, சின்னதா குடுத்தா சாப்புடும்னு உதுத்துப் போட்டேன்…”

நெய் படலமாகப் படர்ந்தால் தண்ணீருக்குள் காற்று இறங்காது. நுரைக் குழாயும் வேலை செய்யாது. மாவும் வெல்லமும் புளித்து மீதிக் காற்றையும் தின்றுவிடும். மாற்றி ஊற்றக் கடல்தண்ணீர் கையிருப்பில் இல்லை, நாளைக்குத்தான் போகிறதே என்று நான் தயார் செய்யவில்லை. அந்த வடிகட்டி சொட்டி முடிக்கிறவரை அது தாங்காது.

“கொன்னுட்டீங்க” என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். “யாரு உங்களப் போடச் சொன்னது? எதுல கை வெக்கணும், எதுல வெக்கக் கூடாதுன்னு தெரியாது? கொன்னுட்டீங்க அத்தை.”

“அம்மா தெரியாமத்தான…” என்று கணவர் ஆரம்பித்தார்.

“நீங்க பேசாதீங்க.”

அத்தையின் கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. ஆனேக்கல்காரரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். “நெய்யா?” என்றார். பிறகு, “இப்பவே கெளம்புங்க” என்றார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கணவர் ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்துவந்தார். தொட்டியின் அடியிலிருந்து, கலங்கல் குறைவாக இருந்த தண்ணீரை டியூப் வைத்து டிரம்முக்கு இறக்கி, பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டாரைப் போட்டேன். இனி மீனைப் பிடிக்க வேண்டும். வலை போட்டால் செவுளில் சிக்கிக் கிழியும். பிளாஸ்டிக் கூடையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை அதற்குப் பின்னால் நீட்டினேன், இறால் கொடுக்கிற மாதிரியே விரலைக் குவித்து. அந்த மூச்சுத்திணறலிலும் அது வந்தது. என் கையைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, நேராகக் கூடைக்குள் நுழைந்தது. வெறும் கை. அதைத் தூக்கும்போது என்னால் அதன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

டிரைவரும் கணவருமாக டிரம்மைப் படியிறக்கி வண்டியில் ஏற்றி, மேலே தார்ப்பாய் கட்டியதும், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கணவர் டிரைவர் பக்கத்தில். வண்டி நகரும் நேரத்தில் அத்தை இறங்கி வந்தார். படையல் பட்டுப்புடவையோடு, மழையில், வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்து ஏற முயன்றார். “நீங்க எதுக்கு இப்ப?” என்றேன். அவர் ஏறி என் எதிரில், ஸ்டெப்னி டயர்மேல் உட்கார்ந்துகொண்டார். இறக்கிவிட நேரமில்லை.

ஒசூர் ரோட்டில் சனிக்கிழமையும் மழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பொம்மனஹள்ளிவரை வண்டி நகர்ந்ததைவிட நின்றது அதிகம். நான் டார்ச்சை டிரம்முக்குள் அடித்து அடித்துப் பார்த்தேன். செவுள் அடித்துக்கொள்கிற வேகம் குறைகிறதா, கூடுகிறதா? ஒரு முறை குறைந்த மாதிரி இருந்தது, அடுத்த முறை நின்றேவிட்ட மாதிரி இருந்தது. எழுந்து நிற்க இடமில்லை, நடக்க இடமில்லை. காலை மாற்றி மாற்றி வைத்தேன், விரல் நகத்தைக் கடித்துத் தீர்த்தேன். முன்னால் போய் எல்லா வண்டிகளையும் கையால் தள்ளிவிடலாம் போல் இருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் தண்ணீர் அலம்பி அத்தை மடியில் கொட்டியது. மீன் நாறுகிற தண்ணீர், புரட்டாசி சனிக்கிழமை, பட்டுப்புடவை. அவர் துடைக்கவில்லை. இரண்டு கையாலும் டிரம்மின் விளிம்பைக் குலுங்காமல் அணைத்துப் பிடித்திருந்தார்.

எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் அவர் பேசினார், என்னிடமா டிரம்மிடமா என்று தெரியவில்லை.

“எத்தன களவா ஆஞ்சு கொழம்பு வெச்சிருப்பேன். கணக்கே கெடையாது. ஒண்ணுகூட என்ன இப்பிடிப் பாத்ததில்ல.”

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, டார்ச்சை மறுபடி டிரம்முக்குள் அடித்தேன். சந்தாபுராவில் ரோடு கொஞ்சம் விட்டது. ஆனேக்கல் போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாகி இருந்தது.

அந்த மனிதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். டிரம்முக்குள் எட்டிப் பார்த்து, கையை விட்டு மீனை ஒரு புரட்டுப் புரட்டினார். அது எதிர்க்கவே இல்லை. “உயிர் இருக்கு, வாங்க” என்று ஷெட்டுக்குள் நடந்தார். தன் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக டிரம்முக்குள் சேர்த்துப் பழக்கிவிட்டுத்தான் மீனை எடுத்தார். நான் அந்தச் சிமென்ட் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். “மேடம், ஒரு எடத்துல நில்லுங்க, எனக்கே தல சுத்துது” என்றார். தண்ணீரில் விட்டதும் களவா கல் மாதிரி அடியில் போய் மூலையில் சாய்ந்துகொண்டது. வெள்ளை உடம்பு கறுத்துப்போய்ப் பொட்டுகள் எது, உடம்பு எது என்றே தெரியவில்லை.

“பொழைக்குமா?” என்று கேட்டேன்.

“வாயத் தொறந்து சாப்ட்டான்னா பொழைச்சான். சாப்பிடலன்னா ஒண்ணும் சொல்ல முடியாது.” ஒரு உரித்த இறாலை என்னிடம் நீட்டினார். “உங்க கைக்குப் பழகினவன். குடுத்துப் பாருங்க.”

தொட்டிச் சுவர்மேல் குப்புறப் படுத்துக் கையைத் தோள்வரை உள்ளே விட்டேன். விரலைக் குவித்து நீட்டினேன். அது பார்த்தது. வரவில்லை. கை மரத்துப்போகும்வரை வைத்திருந்தேன். வேறு ஏதோ மீன் வந்து இறாலைப் பிடுங்கிக்கொண்டு போனது. இன்னொன்று வாங்கி நீட்டினேன், அதையும் வேறொன்று தின்றது. சற்று முன்னால்தான் வெறுங்கையைக் காட்டி அதை ஏமாற்றியிருந்தேன். இனி எந்தக் கையை நம்பி வரும் என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கணவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். அத்தை ஷெட் வாசலிலேயே நின்றிருந்தார், உள்ளே வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு தொட்டியின் மோட்டாரை யாரும் நிறுத்தவில்லை. வெறும் கலங்கல் சுற்றிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தைக்கு இட்லி வைத்தேன். “பசிக்கல” என்றார். கோபமாக இருப்பார் என்று விட்டுவிட்டேன். மத்தியானமும் பசிக்கவில்லை. சமையலறையில் முந்தின நாள் தளிகைச் சோறு, அவர் பங்கு, மூடியபடியே இருந்தது. அவர் சனிக்கிழமையும் சாப்பிட்டிருக்கவில்லை. காபி மட்டும் குடித்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை உண்டு, வெறும் வயிற்றில் அதைப் போட முடியாது.

“அது வாயில ஏதாச்சும் ஒண்ணு படட்டும். நான் சாப்புடுறேன்” என்றார். வீம்பாகச் சொல்லவில்லை. அரிசி இன்னும் வேகவில்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

மகன் கெஞ்சினார், மிரட்டினார், மருத்துவரிடம் கூட்டிப்போவேன் என்றார். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கோ அவர்மேல் மூண்ட கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிட்டது. மீன் சாப்பிடாவிட்டால் மீன் போகும், இவரும் படுத்துவிடுவார். கொன்னுட்டீங்க என்று சொன்ன வாய் என்னுடையது. ஆனேக்கல்காரரைக் காலையில் கூப்பிட்டேன், மத்தியானம் கூப்பிட்டேன், சாயங்காலம் கூப்பிட்டேன். “சாப்ட்டா நானே சொல்றேன் மேடம்” என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அத்தைக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பால் மட்டும் குடிக்க வைத்தோம். கணவர் என்னைப் பால்கனிக்கு இழுத்துப்போய், “சாப்ட்டுச்சுன்னு சொல்லிடேன். அவங்க என்ன ஆனேக்கல் போயா பாக்கப் போறாங்க?” என்றார். நல்ல யோசனைதான். உள்ளே போய் அவர் எதிரில் நின்றேன். “அத்தை, அது…” என்று ஆரம்பித்தேன்.

“வேணாம்மா” என்றார். “பொய் சொல்ல உனக்கு வராது. அத மூஞ்சியிலயே எழுதி ஒட்டிக்கிட்டு வர்ற.”

அன்று நான் ஹாலில் நடந்த நடை என் ஜென்மத்துக்கும் போதும். வேலையில் ஒரு ஆளுக்குத் தப்பான கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

“சாப்ட்டான் மேடம்.”

பாலை அணைக்கத் தோன்றவில்லை. “நெஜமாவா? எவ்ளோ?”

“ரெண்டு மத்தி மீனு. முழுசா.”

“எப்படிக் குடுத்தீங்க?”

“எப்படின்னா? சும்மா கைய உள்ள உட்டேன். நேரா வந்து என் மூஞ்சிய ஒரு பார்வ பாத்தான். லபக்குனு புடுங்கிட்டுப் போயிட்டான். கலரும் வந்துடுச்சு. இனிமே பயமில்ல.”

நன்றி சொன்னேன், எத்தனை முறை சொன்னேனோ. போனை வைத்த பிறகும் அது காதில் ஓடிக்கொண்டிருந்தது. பிழைத்துவிட்டது. அதைத்தான் இத்தனை நாள் கேட்டேன், அது கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலேயே ஒன்று சுருக்கென்று குத்தியது. என் முகத்தைப் பார்க்கிறது என்று நான்கு வருடம் நினைத்திருந்தேன். யார் கையை நீட்டினாலும் அவர்கள் முகத்தைப் பார்க்கும்போலிருக்கிறது. இன்னும் ஒரு நாளாவது அவர் கையில் வாங்காமல் இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. இங்கே ஒரு மனுஷி பட்டினி கிடக்கிறார், எனக்கு இப்படித் தோன்றுகிறது. என்ன பிறவியோ நான்.

பாலைத் துடைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன். அத்தை தொட்டிக்கு எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். இந்த முறை நான் சொல்வதற்கு முன்பே தெரிந்துகொண்டார்.

“சாப்ட்டுச்சா?”

“சாப்ட்டுச்சு அத்தை.”

கண்ணை மூடி “கோவிந்தா” என்றார். சுவரைப் பிடித்து எழுந்து சமையலறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். தட்டை எடுத்துச் சோறு போட்டு மோர் ஊற்றிப் பிசைய ஆரம்பித்தார். கை நடுக்கத்தில் தட்டு மேடையில் தடதடவென்று அடித்தது. நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“யாரு கையால சாப்ட்டுச்சு?”

“அங்க இருக்காரே, அவர் கையால.”

முதல் வாயை எடுத்தவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

“அப்போ இனிமே அது நம்மளத் தேடாது” என்றார்.

“தேடாது அத்தை” என்றேன். அந்த இரண்டு வார்த்தையை முடிப்பதற்குள் என் குரல் உடைந்துவிட்டது. அவர் எச்சில் படாத இடது கையால் என் முதுகை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அந்த வாய்ச் சோற்றைச் சாப்பிட்டார்.